கொக்கி ஊசியும் நானும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

பொழுதுபோக்கு என்பது பொழுது மிச்சம் உள்ளவர்களின் சொத்து. இது எங்கள் தெருவின் தீர்ப்பு. எங்கள் ஊர் மறைமலை நகர். ஒருபுறம் ஜி.எஸ்.டி. சாலை, அதை ஒட்டியே இரயில் பாதை. அடுத்த ஊரான சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பினால் ஒரகடம். அதையும் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர். கார், லாரி, டயர், கண்ணாடி, செல்போன் என்று இந்தச் சாலைகளின் இருபுறமும் உருவாகாத பொருள் இல்லை என்றால் அது மிகையாகாது. இங்கே நாள் என்பது காலை, மாலை, இரவு என்று பிரிவதில்லை. முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், மூன்றாம் ஷிப்ட் என்றுதான் பிரிகிறது. வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று தமிழாக்கிக்கொண்டு, 1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கம் கண்ட அடிகளாரின் பெயரைத் தாங்கிய ஊர் இது. ஆனால் விடிந்து எழுந்தால் எங்கள் வாயில் வரும் முதற்சொற்கள் லைன், டார்கெட், ஓ.டி. ஆகியவைதாம். அடிகளார் மன்னிப்பாராக!

என் தந்தையார் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிறார். என் தாயார் கார்களுக்கு ஒயர் கட்டும் ஒரு சிறிய கம்பெனியில் லைனில் நிற்கிறார். எட்டு மணி நேரம் நின்றபடியே வண்ண வண்ண ஒயர்களைச் சேர்த்து டேப் சுற்றுவது அவர் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே என் பொழுதுக்கும் ஏற்கெனவே சொந்தக்காரர்கள் உண்டு. காலையில் தண்ணீர் பிடிக்க வேண்டும், மாலையில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன், இரவில் வகைநுண்கணிதம். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் உட்கார்ந்து நூல் பின்னிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? "இந்த வெயில்ல யாருக்குடி ஸ்வெட்டரு?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டார். "மாப்பிள்ளை பாக்குறாங்களா?" என்று இன்னொருவர் கேட்டார்.

இரண்டும் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குப் பக்கத்துப் பூங்காவின் சிமெண்ட் பெஞ்சில் ஒரு துணிப்பையோடு வந்து உட்கார்வார். பையில் வெள்ளை நூல்கண்டும் குரோஷா ஊசியும் இருக்கும். குரோஷா என்பது முனையில் சிறு கொக்கி உள்ள ஒரே ஊசியால் பின்னுவது. ஸ்வெட்டர் பின்னுவதற்கு இரண்டு நீள ஊசிகள் வேண்டும். அதில் ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையும் ஊசியிலேயே காத்துக்கொண்டிருக்கும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும். இரயில் வந்துவிட்டதென்றால் அப்படியே பையில் போட்டுக்கொண்டு ஓடலாம். நம்மைப் போன்ற மாணவர்க்கு ஏற்ற கலை இதுவே!

அவரைச் சுற்றி முதலில் நான் மட்டும் இருந்தேன். பிறகு பக்கத்து விடுதியிலிருந்து கம்பெனிப் பயிற்சிப் பெண்கள் இருவர் வந்தனர். ஒருத்தி தேனிப் பக்கம், மற்றொருத்தி ஒடிசா. ஒடிசாப் பெண்ணுக்குத் தமிழ் வராது. எங்களுக்கு ஒடியா வராது. ஆனால் பின்னலில் எண்ணத் தெரிந்தால் போதும். அவள் "ஏக், துய், தினி" என்று எண்ணுவாள். தேனிக்காரி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவாள். ஒரே மாதத்தில் அவள் தமிழில் இருபதுவரை எண்ணினாள். நாங்கள் ஒடியாவில் பத்துவரை வந்தோம். பத்து மணி நேரம் ஒரே கூரையின்கீழ் வேலை பார்த்தும் பேசிக்கொள்ளாத அந்த இருவரும், இந்தப் பெஞ்சில்தான் ஒருவர் ஊர்ப்பெயரை ஒருவர் தெரிந்துகொண்டார்கள். கை வேலையில் இருக்கும்போது வாய்க்குக் கூச்சம் விட்டுப்போகிறது. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. நூலைப் பார்த்தே பேசலாம். வீட்டுக் கவலைகள் இப்படித்தான் வெளியே வருகின்றன.

இது எங்கள் பூங்காவில் மட்டும் நடக்கும் அதிசயம் அன்று. மேலைநாடுகளில் பாட்டிமார் வேலை என்று ஒதுக்கப்பட்டிருந்த பின்னலை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இளைஞர்கள் மீண்டும் கையில் எடுத்தார்கள். தேநீர்க் கடைகளில் கூடிப் பின்னினார்கள். 2005 முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பொது இடத்தில் கூடிப் பின்னும் நாள் என்றே ஒன்று பல நாடுகளில் கொண்டாடப்படுகிறது. நம் சென்னையிலும் சுபஸ்ரீ நடராஜன் என்பவர் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற குழு இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தத்தம் வீட்டில் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்து, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை உருவாக்கினார்கள். அது கின்னஸ் சாதனை ஆயிற்று. ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அப்படியானால் இரண்டே முக்கால் ஏக்கர்ப் போர்வை! உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். பிறகு அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஏழைகளுக்குக் கொடுத்தார்கள் என்பது சாதனையினும் பெரிது என்பேன்.

கணித மாணவியாகிய எனக்கு வேறொரு வியப்பும் காத்திருந்தது. டீச்சரம்மா வட்டம் பின்னக் கற்றுத் தந்தபோது ஒரு வாய்பாடு சொன்னார். முதல் சுற்றில் ஆறு கண்ணி, அடுத்ததில் பன்னிரண்டு, பிறகு பதினெட்டு, பிறகு இருபத்துநான்கு. "சுத்துக்கு ஆறு ஏத்தணும். ஏன்னு கேக்காதே, ஏத்தினா தட்டையா வரும்" என்றார். ஏன் என்று கேட்கத்தானே என்னைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறார்கள்! இரயிலில் வரும்போது நோட்டில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுகிறது. ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு இரண்டு பை, அதாவது 6.28 கூடும். சாதாரணக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே சுற்றுக்கு ஆறு. பள்ளிக்கூடத்துப் பை என் விரல்நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆறுக்குக் குறைவாக ஏற்றினால் பின்னல் கிண்ணமாகக் குவிகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பின்னி 6, 12, 24, 48 என்று பெருக்கிக்கொண்டே போனால் இடம் போதாமல் ஓரமெல்லாம் சுருண்டு, கோழிக்கொண்டைப் பூவைப் போல நெளிகிறது. இந்தக் கோழிக்கொண்டைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஓர் இணைகோடுதான் வரையலாம் என்பது யூக்ளிடின் வழிவந்த வடிவியல். பல இணைகோடுகள் வரைய முடிந்த ஒரு பரப்பும் இருக்கலாம் என்று 19-ஆம் நூற்றாண்டில் ருஷ்யாவின் லொபாசெவ்ஸ்கியும் ஹங்கேரியின் போல்யாயும் காட்டினார்கள். அந்தப் பரப்பைக் கையில் பிடித்துக் காட்டுவது கடினமாக இருந்தது. காகிதத்தில் செய்தால் கிழிந்துபோகும். 1997-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தைனா தைமினியா என்ற லாட்வியக் கணிதப் பேராசிரியை, குரோஷா ஊசியை எடுத்து அதைப் பின்னிக் காட்டினார். மாணவர்கள் அதை மடித்துப் பார்த்து, மடிப்பையே நேர்கோடாகக் கொண்டு பாடம் கற்றார்கள். சிறு வயதில் கற்ற பின்னல் வேலை பல்கலைக்கழக வகுப்பறைக்குள் நுழைந்த கதை இது. எங்கள் துறையில் நான் பின்னிய கோழிக்கொண்டையைக் காட்டியபோது பேராசிரியர் அதை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை!

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அம்மாவுக்குப் பையும் இணைகோடும் வேண்டாம். நான் பின்னிய முதல் வட்ட விரிப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குடி. இதுக்கு எவ்ளோ குடுப்பாங்க?" என்றார்.

இந்தக் கேள்வியை நான் எளிதில் தள்ளிவிட முடியாது. அந்த மாதம் அப்பாவின் ஒப்பந்தம் முடிந்து, அடுத்தது கைக்கு வராத நேரம். தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. தற்செயலாகவே விடையும் வந்து சேர்ந்தது. கடைத்தெருவில் நூல் வாங்கப் போனபோது என் பையிலிருந்த விரிப்பைப் பார்த்த ஒரு கடைக்காரர், "ஐம்பது பீஸ் பண்ணித் தா. நூல் நான் தரேன். பீஸுக்கு நாப்பது ரூபா" என்றார். இரண்டாயிரம் ரூபாய்! வீட்டுக்கு வரும்வரை கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் நோட்டை எடுத்தேன். ஒரு விரிப்புக்கு எனக்கு ஐந்து மணி நேரம். ஐம்பதுக்கு இருநூற்றைம்பது மணி நேரம். அப்படியானால் மணிக்கு எட்டு ரூபாய். இதை அவரிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "டி.வி. பாக்குற நேரத்துல பண்றதுதானேம்மா? இது என்ன வேலையா?" என்று அன்பாகவே கேட்டார்.

இந்த வாக்கியத்தை நான் ஒரு புத்தகத்தில் முன்பே சந்தித்திருந்தேன். ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரிப் பகுதியில் நரசாபுரம் என்ற ஊர் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ ஊழியர்கள் அங்குள்ள ஏழைப் பெண்களுக்குக் குரோஷா லேஸ் பின்னக் கற்றுத் தந்தார்கள். பின்னாளில் அது ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் அங்கே ஆய்ந்து 1982-ல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தப் பெண்கள் வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு நாள்தோறும் பல மணி நேரம் பின்னினார்கள். ஆனால் அவர்களைத் தொழிலாளிகள் என்று யாரும் சொல்லவில்லை. 'வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது' என்றார்கள். ஓய்வு நேர வேலைக்குக் கூலி எதற்கு என்று மிகக் குறைவாகக் கொடுத்தார்கள். இலாபமோ கடல் தாண்டி விற்ற வியாபாரிகளுக்குப் போயிற்று. பொழுதுபோக்கு என்ற அழகிய சொல்லுக்குள் ஒரு கூலிக் குறைப்பு ஒளிந்திருக்க முடியும் என்று அந்த நூல் எனக்குக் காட்டியது.

நம் தமிழ் நிலத்திலும் இத்தகைய நூலின் கதை உண்டு. 1819-ல் நாகர்கோயிலுக்கு வந்த மால்ட் தம்பதியரில் மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்; லேஸ் பின்னவும் கற்றுத் தந்தார். அது ஊசிகள் குத்திய திண்டின்மேல் பல நூல்களை மாற்றி மாற்றி முறுக்கிச் செய்யும் லேஸ். அதை விற்ற பணம் பள்ளிக்கு உதவியது. அவருடைய மகள் எலிசா அம்மையார், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லின் மனைவியாக இடையன்குடிக்குச் சென்றபோது லேஸும் அவருடன் சென்றது. ஒரே நூல் ஓரிடத்தில் பெண்ணைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. இன்னோரிடத்தில் அவள் உழைப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தது. நூலின்மேல் குற்றமில்லை. உழைப்பை யார் எண்ணுகிறார்கள், யார் எண்ணாமல் விடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு செய்தி நம்மில் பலருக்கும் தெரியாது. இரண்டு ஊசிப் பின்னலை இயந்திரம் என்றோ கற்றுக்கொண்டுவிட்டது. 1589-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியைச் செய்துவிட்டார். இன்று திருப்பூரின் பனியன்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே. ஆனால் உண்மையான குரோஷாவைப் பின்னும் இயந்திரம் தொழிற்சாலைகளில் இன்றுவரை புழக்கத்துக்கு வரவில்லை. எங்கள் பகுதித் தொழிற்சாலைகளில் இயந்திரக் கைகள் காருக்குப் பற்றவைக்கின்றன, பெயிண்ட் அடிக்கின்றன. ஆனால் ஒரு சின்னக் குரோஷாப் பூவை அவற்றால் பின்ன முடியாது. ஆகவே எந்தக் கடையில் எவ்வளவு மலிவாக ஒரு குரோஷாப் பொருளைக் கண்டாலும், அதன் ஒவ்வொரு கண்ணியிலும் யாரோ ஒருவரின் விரல் நுழைந்து வந்திருக்கிறது என்று பொருள். அந்த விரலுக்கு மணிக்கு எத்தனை ரூபாய் என்று நாம் கேட்பதில்லை.

இவ்வளவையும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. கணக்கை மட்டும் காட்டினேன். மணிக்கு எட்டு ரூபாய் என்றதும் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, இருபது ஆண்டுகளுக்கு முன் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் தாம் ஒயர் கூடை பின்னிய கதையைச் சொன்னார். சிவன்கண் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊரில் கல்யாணமானால் அம்மாவின் கூடைதான் சீர்வரிசையில் போகும். அதைப் பார்த்து ஒருவர் மொத்தமாகக் கூடை கேட்டு, கூடைக்குப் பத்து ரூபாய் கொடுத்தாராம். இரண்டு வருடம் பின்னினார். விரலெல்லாம் வெட்டுக்காயம். ஒருநாள் நிறுத்தியவர், பிறகு ஒயரையே தொடவில்லை.

"சும்மா குடுத்தேன், சந்தோஷமா இருந்துச்சு. பத்து ரூபாய்க்குக் குடுத்தேன், ஆசையே போயிடுச்சு" என்றார் அம்மா. "சும்மா வேணா குடு. இல்ல, சரியான வெலைக்குக் குடு. கொறச்சு மட்டும் குடுக்காதே."

நான் படித்த நூலின் முடிவை, அந்த நூலைப் படிக்காத என் தாயார் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அந்த மாதம் அவர் கூடுதலாக நான்கு நாள் ஓ.டி. பார்த்தார். எனக்கும் ஒரு டியூஷன் கூடக் கிடைத்தது. கட்டணம் கட்டியாயிற்று. கடைக்காரரிடம் டீச்சரம்மா நேரில் போய், ஒன்றுக்கு நூற்றைம்பது என்றால் செய்கிறோம் என்றார். அவர் சிரித்துவிட்டு, வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பார்த்தும் இருப்பார். எங்கேயோ ஒருத்தி அந்த ஐம்பதையும் பின்னி முடித்திருப்பாள் என்பதை நினைக்கும்போது என் மனம் இன்றும் சங்கடப்படுகிறது. நான் மறுத்ததால் உலகம் திருந்திவிடவில்லை. ஆயினும் எங்கள் பெஞ்சில் ஒரு விதி எழுதாமலே எழுதப்பட்டுவிட்டது. பின்னியதைக் கொடுப்போம், அல்லது அதன் நேரத்தை எண்ணி விலை சொல்வோம். 'சும்மா இருக்கும் நேரம்' என்று மட்டும் யாரையும் சொல்ல விடமாட்டோம்.

இந்த விதி வந்தபிறகுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை இன்னும் கலகலப்பானது. ஒடிசாப் பெண் தன் அக்காள் குழந்தைக்கு ஒரு மஞ்சள் குல்லாய் பின்னி ஊருக்கு எடுத்துப் போனாள். தேனிக்காரி விடுதி ஜன்னலுக்குத் திரை பின்னிக்கொண்டிருக்கிறாள். அது முடிவதற்குள் அவள் பயிற்சிக்காலம் முடிந்துவிடும் என்று கேலி செய்கிறோம். போன மாதம் அம்மாவும் வந்தார். கையில் நீலமும் வெள்ளையுமாக ஒயர்ச் சுருள்! டீச்சரம்மாவுக்கே அவர் சிவன்கண் முடிச்சுச் சொல்லிக் கொடுத்ததைப் பார்க்க வேண்டுமே! லைனில் எட்டு மணி நேரம் ஒயர் பிடித்த கை, யாரும் எண்ணிக்கை கேட்காத இடத்தில் அதே ஒயரை மீண்டும் பிடித்தது. அம்மாவின் சாப்பாட்டுப் பெட்டிக்கு நான் பின்னிக் கொடுத்த பையைப் பார்த்துக் கம்பெனியில் எல்லோரும் விலை கேட்டார்களாம். "வெல கெடயாது, எம் பொண்ணு பின்னுச்சுன்னு சொல்லிட்டேன்" என்றார். அவர் குரலில் இருந்த பெருமிதத்துக்கு எந்தக் கடையில் விலைப்பட்டியல் இருக்கிறது?

பொழுது மிச்சம் உள்ளவர்களுக்குத்தான் பொழுதுபோக்கு என்ற தெருவின் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. வாரத்தில் ஆறு நாளும் பிறருக்காக இயங்கும் கைக்குத்தான், தனக்காக இயங்கும் இரண்டு மணி நேரம் மிகவும் தேவைப்படுகிறது.

நண்பர்களே! இது பெண்களுக்கு மட்டும் உரியது என்று ஆண் தோழர்கள் நழுவ வேண்டாம். கோவளம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். கிழிந்த வலையைப் பின்னிச் சரிசெய்பவர்கள் யார்? கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு, ஊர்க்கதை பேசியபடியே முடிச்சுப் போடும் மீனவ அண்ணன்மார்தாமே!

புதன்கிழமை மதிய இடைவேளையில் நூலகத்துக்கு எதிரே உள்ள வேப்பமரத்தடியில் நான் இருப்பேன். மூன்றரை மில்லிமீட்டர் ஊசி ஒன்றும் பருத்தி நூல்கண்டு ஒன்றும் கொண்டு வாருங்கள். இரண்டுக்கும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடியும். முதல் ஆறு கண்ணியை நான் சொல்லித் தருகிறேன். கட்டணம் இல்லை.